கூச்சலின் நடுவே அமைதி: அடுக்குமாடியில் நாய் வளர்ப்போர் அறிய வேண்டியவை

மும்பையின் கிழக்குப் பகுதியில், டிராம்பே குன்றுகளை ஒட்டி அமைந்திருப்பது அணுசக்தி நகர். பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் அணுசக்தித் துறையின் பிற பிரிவுகளிலும் பணிபுரிவோர் குடும்பத்துடன் வாழும் குடியிருப்பு இது. நாட்டின் பல மாநிலத்தவரும் இங்கு அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் உண்டு. ஓய்வு பெற்றபின் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ நவி மும்பையிலோ சொந்த வீடு வாங்கிச் செல்வோரும் பலர். வீட்டில் நாய் இருந்தால் அதுவும் உடன் செல்கிறது.

நம் ஊர்களில் நாய்க்கு வாசலும் கொல்லையும் தெருவும் இருந்தன. புதியவர் வந்தால் குரைப்பதே அதன் வேலை என்று கருதினோம். அடுக்குமாடியிலோ நிலைமை வேறு. கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக் கதவு. நான்கடி தள்ளி லிஃப்ட். கீழே காவலாளி, பால்காரர், பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் குழந்தைகள், பொருள்களைக் கொண்டுவரும் இருசக்கர வாகனங்கள். ஊரில் 'நல்ல காவல்' என்று பெயர் வாங்கிய அதே குரைப்பு, இங்கே சங்கக் கூட்டத்தில் புகாராக வந்து நிற்கிறது.

புகார் முற்றினால் அதன் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் நாய்தான். முதலில் உலாவும் நேரம் குறைக்கப்படுகிறது. பிறகு பால்கனியில் கட்டிப்போடப்படுகிறது. இறுதியில் உறவினர் வீட்டுக்கோ காப்பகத்துக்கோ அனுப்பப்படுகிறது. தெருவில் விடப்படும் நாய்களும் உண்டு. இத்தனைக்கும் பல நாய்கள் யாரையும் கடித்திருப்பதில்லை. ஆரவாரத்தின் நடுவே அமைதியாக இருப்பது எப்படி என்று அவற்றுக்கு எவரும் கற்பிக்கவில்லை, அவ்வளவே. அமைதி என்பது நாயின் பிறவிக் குணம் மட்டுமன்று, கற்பிக்கக்கூடிய திறன். அதைக் கற்பிக்கும் முறையையே இக்கட்டுரையில் காண்போம்.

மும்பை மறவாத ஒரு நாய்

இத்திறனின் மதிப்பை அறிய இந்நகருக்கு நல்லதொரு சான்று உண்டு. 1993 மார்ச் 12 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் மும்பையில் 257 பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த நாள்களில், வெடிக்காமல் மறைந்திருந்த பொருள்களைக் கண்டுபிடிக்கும் பணியில் மும்பைக் காவல் துறையின் வெடிகுண்டுப் பிரிவைச் சேர்ந்த லாப்ரடார் நாய் ஒன்று பெரும்பங்கு ஆற்றியது. அதன் பெயர் ஜஞ்சீர். புனேயில் பயிற்சி பெற்ற அந்த நாய், தன் பணிக்காலத்தில் 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தையும் 600 டெட்டனேட்டர்களையும் 249 கையெறி குண்டுகளையும் கண்டறிய உதவியதாகக் கணக்கு உள்ளது. 2000 நவம்பர் 16 அன்று அது இறந்தபோது காவல் துறை முழு மரியாதையுடன் அடக்கம் செய்தது.

மோப்ப ஆற்றல் எல்லா நாய்க்கும் இயற்கை தந்தது. மக்கள் கூட்டம், வாகன இரைச்சல், பதற்றமான குரல்கள், உணவு மணம், பிற விலங்குகள் ஆகிய அனைத்துக்கும் நடுவில், தன்னை அழைத்துச் செல்பவரின் ஒரு சொல்லுக்குச் செவிசாய்த்து, கண்டறிந்ததை அமைதியாகத் தெரிவிக்கும் ஆற்றலோ பயிற்சி தந்தது. அந்த அமைதி இல்லையேல் கூரிய மூக்கு இருந்தும் பயன் இல்லை.

நம் வீட்டு நாய் வெடிகுண்டு தேட வேண்டியதில்லை. லிஃப்டில் ஒரு முதியவர் ஏறும்போது பேசாமல் நின்றால் போதும். ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: எளிய சூழலில் தொடங்கி, படிப்படியாகக் கடின சூழலுக்குச் செல்வது.

நாய் எவ்வாறு கற்கிறது?

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லவ் செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். அவ்வாய்வுகளின்போது, உணவு வாயில் விழுவதற்கு முன்பே, உணவு வரப்போகிறது என்பதற்கான அடையாளம் தெரிந்தவுடன் நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் கவனித்தார். ஒன்றையடுத்து மற்றொன்று தவறாமல் வந்தால், நாயின் மனம் இரண்டையும் இணைத்துக்கொள்கிறது என்பது முதல் பாடம். கயிற்றை எடுத்தவுடன் நாய் துள்ளுவது இதனால்தான். மருத்துவமனை வாசலில் நடுங்குவதும் இதனால்தான்.

இரண்டாம் பாடம் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விரிவாக ஆராய்ந்தது: ஒரு செயலுக்குப் பின் நன்மை விளைந்தால் அச்செயல் பெருகும், பயன் ஏதும் விளையாவிட்டால் குறையும். நாய் குரைக்கிறது, நாம் பிஸ்கட்டைக் கொடுத்து வாயை அடைக்கிறோம். குரைத்தால் பிஸ்கட் கிடைக்கும் என்று அது கணக்கு எழுதிக்கொள்கிறது. அது அமைதியாகப் படுத்திருக்கும்போதோ நாம் கவனிப்பதே இல்லை. நல்ல கணக்கில் வரவு வைக்காமல், கெட்ட கணக்கில் வரவு வைத்துக்கொண்டே இருக்கிறோம்.

அடித்துத் திருத்தலாமே என்று கேட்போர் உண்டு. அடி அந்த நேரத்தில் குரைப்பை நிறுத்தலாம். ஆனால், எதிர் வீட்டுக் குழந்தையைக் காணும்போதெல்லாம் அடி விழுந்தால், அந்தக் குழந்தைக்கும் வலிக்கும் நாய் முடிச்சுப் போட்டுவிடும். அச்சம் கூடும், எச்சரிக்கையாக உறுமும் பழக்கம் மறைந்து, எச்சரிக்கையின்றிக் கடிக்கும் ஆபத்து வரும். எல்லா நாய்களுக்கும் பரிசு வழிப் பயிற்சியையே பரிந்துரைத்து, வலியும் அச்சமும் தரும் கருவிகளைத் தவிர்க்குமாறு அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் அறிக்கை வெளியிட்டது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற கவலையும் எழலாம். குட்டிப் பருவத்துக்குத் தனிச் சிறப்பு உண்டென்பது உண்மையே. ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தை முக்கியமானதாகக் காட்டியது. அந்நாள்களில் பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் இடங்களையும் இனிமையாகச் சந்தித்த குட்டி பின்னாளில் எளிதில் மிரளாது. தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விட வேண்டா. தோளில் சுமந்து சென்று உலகைக் காட்டலாம். வளர்ந்த நாயும் கற்கும். காலம் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவே.

ஒரு சொல், ஒரு பொருள்

மும்பைத் தமிழ் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாட்டி 'உட்காரு' என்கிறார். பேரன் 'சிட்' என்கிறான். வேலைக்கு வரும் அம்மையார் 'பைட்' என்கிறார். காவலாளி மராத்தியில் 'பஸ்' என்கிறார். நான்கும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். நாய்க்கோ நான்கும் வெவ்வேறு ஓசைகள். சொன்னதைக் கேட்பதில்லை என்று அதன்மேல் பழி சுமத்துகிறோம்.

ஆகவே பயிற்சியின் முதல் வேலை குடும்பத்தினர் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வருவதுதான். எந்த மொழியாயினும் சரி, ஒரு செயலுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்து, தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடலாம். சொல்லோடு ஒரு கைச்சைகையையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. நாய்கள் சைகையை விரைவில் பற்றிக்கொள்ளும்; இரைச்சலான இடத்தில் குரல் எட்டாவிட்டாலும் கை தெரியும்.

அனுமதியிலும் இதே ஒழுங்கு தேவை. தந்தை சோபாவில் ஏறக் கூடாது என்கிறார். மகள் ரகசியமாக ஏற்றிக்கொள்கிறாள். சாப்பாட்டு மேசையருகே ஒருவர் விரட்டுகிறார். மற்றவர் தோசைத் துண்டை நீட்டுகிறார். எப்போதோ ஒருமுறை பலிக்கும் முயற்சியை நாய் எளிதில் கைவிடாது. பத்து முறை கிடைக்காவிட்டாலும் பதினொன்றாம் முறைக்காகக் காத்திருக்கும்.

வீட்டுக்குள் ஐந்து பாடங்கள்

தொடக்கம் வீட்டுக்குள், தொலைக்காட்சியை நிறுத்தி, கதவைச் சாத்திய அமைதியான அறையில் இருக்கட்டும். ஒரு முறைக்கு 5 நிமிடம். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை. பரிசாகப் பயறளவு உணவுத் துண்டுகள் போதும். அசைவம் உண்ணும் வீட்டார் உப்பின்றி வேகவைத்த கோழியையும், சைவ வீட்டார் பனீர், வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. அவற்றைக் கொடுக்கவே கூடாது.

முதற்பாடம் பெயர். பெயரை ஒருமுறை அழைத்து, நம்மைப் பார்த்த கணமே பரிசு தர வேண்டும். திட்டுவதற்குப் பெயரைப் பயன்படுத்தாதிருத்தல் நலம். பெயர் கேட்டால் நல்லது நடக்கும் என்று அது நம்ப வேண்டும்.

இரண்டாவது 'உட்கார்'. பரிசைப் பிடித்த கையை மூக்கருகே காட்டி மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னே கொண்டுசென்றால், தலை உயர இடுப்புத் தானே தாழும். அமர்ந்த நொடியில் பரிசு. முதுகை அழுத்தி உட்கார வைக்கத் தேவையில்லை.

மூன்றாவது 'விடு'. மூடிய கைக்குள் உணவை வைத்தால் நாய் நக்கும், பிறாண்டும். சலித்து முகத்தைத் திருப்பும் கணத்தில் மறு கையிலிருந்து வேறொரு பரிசைக் கொடுக்க வேண்டும். சாலையில் கிடக்கும் எலும்புத் துண்டையும் எலி மருந்தையும் கடந்து வர உதவும் உயிர்காக்கும் சொல் இது.

நான்காவது 'வா'. வந்தவுடன் மகிழ்ச்சியோடு வரவேற்க வேண்டும். அழைத்து வந்து குளிப்பாட்டுவதும் கட்டிப்போடுவதும் அச்சொல்லின் மதிப்பைக் கெடுத்துவிடும்.

ஐந்தாவது 'இடம்'. ஒரு பழைய போர்வையை மூலையில் விரித்து, அதன்மேல் நாய் கால் வைத்தால் பரிசு. படுத்தால் மேலும் பரிசு. படுத்தபடியே இருந்தால் இடைவிட்டு இடைவிட்டுப் பரிசு. விருந்தினர் வரும்போதும், அழைப்புமணி ஒலிக்கும்போதும், குடும்பத்தினர் உண்ணும்போதும் நாய்க்குச் செல்ல ஓரிடம் உண்டு என்ற தெளிவு பிறக்கிறது. 'குரைக்காதே' என்பதை நாய்க்குக் கற்பிப்பது கடினம். 'மணி ஒலித்தால் உன் இடத்துக்குச் செல்' என்று கற்பிப்பது எளிது. ஐந்தனுள்ளும் அடுக்குமாடி வாழ்வுக்கு மிகப் பயன்படுவது இதுவே.

தூரம், நேரம், இடையூறு

வீட்டில் பத்துக்குப் பத்து மதிப்பெண் பெறும் நாய், வாசலைத் தாண்டியதும் ஒன்றும் அறியாததுபோல் நடந்துகொள்ளும். அது பிடிவாதம் அன்று. நாய் கற்றதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தானே எடுத்துச்செல்வது அரிது. கூடத்தில் கற்ற 'உட்கார்' படிக்கட்டில் புதிய பாடமாகிறது. எனவே ஒவ்வோரிடத்திலும் மீண்டும் தொடங்க வேண்டும்.

இவ்வாறு விரிவாக்கும்போது மூன்று அளவுகளைக் கவனிக்க வேண்டும். நமக்கும் நாய்க்கும் இடையே உள்ள தூரம், அது அமர்ந்திருக்கும் நேரம், சுற்றியுள்ள இடையூறு. ஒரு வேளையில் இவற்றுள் ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். அதைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும். ஐந்து முயற்சிகளில் நான்கு வெற்றி பெற்றால் அடுத்த படிக்குச் செல்லலாம். இரண்டு தொடர்ந்து தவறினால் ஒரு படி இறங்கிவிடுவது நல்லது.

பள்ளிப் பேருந்து நிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளைக் கண்டால் நாய் குரைக்கிறது. அருகில் கொண்டுசென்று 'சும்மா இரு' என்று அதட்டுவது பயிற்சி ஆகாது. நாய் குழந்தைகளைக் கவனிக்கிறது, ஆனால் குரைக்கவில்லை, பரிசை வாங்கி உண்கிறது என்ற நிலை எந்தத் தூரத்தில் கிட்டுகிறதோ, அதுவே தொடங்குமிடம். சில நாய்களுக்கு அது 20 அடி. சிலவற்றுக்குத் தெருவின் மறுமுனை. அங்கு நின்று, அது குழந்தையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பரிசு தர வேண்டும். சில நாள்களில், குழந்தையைப் பார்த்தவுடன் பரிசை எதிர்பார்த்து நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். அந்தத் திரும்பலே வெற்றியின் முதல் அடையாளம். அதன்பின் சில அடிகள் முன்னேறலாம். நாய் பரிசை ஏற்க மறுத்தால் நாம் வரம்பு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். பேசாமல் விலகிச்செல்ல வேண்டும்.

லிஃப்டுக்கும் இதே முறைதான். கூட்டம் இல்லாத பிற்பகலில், மூடிய லிஃப்டின் முன் அமர வைத்துப் பரிசு தருவது முதல் நாள் பாடம். கதவு திறந்து மூடும்போது அமர்ந்திருப்பது அடுத்தது. உள்ளே ஏறி, நகராமல், உடனே இறங்குவது பிறகு. ஒரு மாடி மட்டும் செல்வது அதற்கும் பிறகு. இறுதியில், தெரிந்த ஒருவரை உதவிக்கு அழைத்து, அவர் இடையில் ஏற, நாய் மூலையில் நம் காலருகே அமர்ந்திருப்பது. இதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். பயிற்சி முடியும்வரை கூட்டமான வேளையில் படிக்கட்டையோ அடுத்த லிஃப்டையோ நாடுவது எல்லோருக்கும் நல்லது.

கயிற்றைப் பற்றியும் ஒரு சொல். கயிறு இறுகினால் நாம் நின்றுவிட வேண்டும். தளர்ந்தால் நடக்க வேண்டும். இழுத்தால் முன்னேற முடியாது என்பதை நாய் இவ்வாறே அறிகிறது. முதல் வாரத்தில் அரை மணி நேரத்தில் நூறடிகூடச் செல்ல முடியாமற் போகலாம்.

குரைக்கிற நாய் கடிக்காதா?

'குரைக்கிற நாய் கடிக்காது' என்பது நம் பழமொழி. மனிதரைப் பற்றிச் சொல்லவே அது ஏற்றது. நாயைப் பொறுத்தவரை நம்பத் தகாதது. குரைக்கும் நாயும் கடிக்கும். குரைக்காத நாயும் கடிக்கும். பார்க்க வேண்டியது உடலை.

பசி இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு விழி ஓரத்தின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காதைப் பின்னே மடிப்பது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது ஆகியன அச்சத்தின் அடையாளங்கள். உடல் விறைத்து, வாய் மூடி, அசையாமல் ஒன்றையே உற்று நோக்குவது அதைவிடக் கடுமையான எச்சரிக்கை. வால் ஆடுகிறது என்பதாலேயே நட்பு என்று முடிவு செய்யக் கூடாது. விறைத்து உயர்ந்த வாலின் வேகமான அசைவு கிளர்ச்சியைக் காட்டும்.

உறுமினால் அடிக்க வேண்டா. 'எனக்குப் பிடிக்கவில்லை, விலகு' என்று அது நாகரிகமாகக் கூறும் சொல் அது. அப்போது விலக்கிக்கொண்டு, காரணத்தைப் பிறகு ஆராய வேண்டும். பழகிய நாய் திடீரென எரிச்சலுற்றால் காதுவலி, மூட்டுவலி, பல்வலி ஆகியன காரணமாக இருக்கலாம். பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரைப் பார்ப்பதே முறை. கடிக்க முற்பட்ட நாய்க்கும் நேரில் பார்க்கும் வல்லுநரின் உதவி அவசியம். கட்டுரை படித்துத் திருத்தும் நிலை அன்று அது.

ஓசைகளின் நகரம்

மும்பையில் விநாயகர் சதுர்த்தி தொடங்கி தீபாவளி வரை டோல் தாசாவும் வெடியும் ஓய்வதில்லை. நாயின் செவி நம்முடையதைவிட நுண்மையானது. நமக்கு உற்சாகமான ஒலி அதற்குத் தாங்க முடியாததாகலாம்.

இதற்கான பயிற்சியைப் பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட வெடியோசையைக் கைப்பேசியில் மிக மெல்லியதாக ஒலிக்கவிட்டு, அதே நேரத்தில் உணவு கொடுக்கலாம். நாய் பொருட்படுத்தாமல் உண்டால், சில நாள் கழித்து ஒலியைச் சற்றே கூட்டலாம். அவசரப்பட்டால் பயன் தலைகீழாகிவிடும்.

பண்டிகை நாளன்று பயிற்சி வேண்டா, பாதுகாப்பே போதும். வெளிச்சம் இருக்கும்போதே உலாவ அழைத்துச்சென்று, மாலையில் சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையோ மெல்லிய இசையையோ ஓடவிட்டு, உள்ளறையில் அதன் போர்வையை விரித்துவிடலாம். நடுங்கும் நாயை அருகில் வைத்து ஆறுதல் சொல்வதால் அச்சம் வளர்ந்துவிடாது. மிகுந்த அச்சம் கொள்ளும் நாய்க்கு மருந்து உண்டு. ஆனால் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே.

தெருநாயும் நம் ஊர் இனமும்

மும்பைக்கும் தெருநாய்க்கும் உள்ள உறவு நெடியது. 1832இல் ஆங்கில அரசு தெருநாய்களைக் கொல்ல முற்பட்டபோது பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தது இந்நகரின் வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி. தெருநாய்கள் தம் எல்லையைக் காப்பவை. நம் நாய் அதற்குள் நுழைந்து குரைத்தால் பதில் வரவே செய்யும். ஆகவே நேருக்கு நேர் செல்லாமல் வளைந்து செல்வதும், கயிற்றை இறுக்காதிருப்பதும், நின்று வேடிக்கை பார்க்காமல் கடப்பதும் நல்லது. தூரத்தில் தெருநாய் தெரியும்போதே நம் நாய்க்குப் பரிசு தந்து பழக்கினால், நாளடைவில் அது நம் முகம் பார்க்கும்.

ஊரிலிருந்து குட்டி கொண்டுவரும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியன நாம் பெருமைப்படும் இனங்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் இவை வேட்டை மரபில் வந்தவை. ஓடும் பூனையும் மிதிவண்டியும் இவற்றின் கண்ணுக்கு இரை. 'விடு', 'வா' என்னும் இரு பாடங்கள் இவற்றுக்கு இருமடங்கு தேவை; அன்றாடம் கால் ஓயும் அளவு ஓட்டமும் தேவை. இவ்விரண்டுக்கும் வசதி இல்லாத வீட்டில் இவற்றை வளர்ப்பது நாய்க்கும் நமக்கும் துன்பம்.

அண்டை வீட்டாரும் சட்டமும்

நாய்க்கு அஞ்சுவோரின் அச்சம் கேலிக்குரியதன்று. சிறு வயதில் கடிபட்டவர் இருக்கலாம். வெறிநாய்க்கடியால் உறவினரை இழந்தவர் இருக்கலாம். 'ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்' என்று சொல்வதைவிட, நாயை அமர வைத்து, அவரைக் கடந்துபோக விடுவதே மரியாதை. லிஃப்டில் ஒருவர் தயங்கினால், 'நீங்கள் போங்கள், நாங்கள் அடுத்ததில் வருகிறோம்' என்னும் ஒரு சொல் பல புகார்க் கடிதங்களைத் தடுத்துவிடும்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்புச் சங்கங்கள் செல்லப் பிராணி வளர்ப்பதற்குத் தடை விதிக்கவோ லிஃப்டைப் பயன்படுத்த மறுக்கவோ இயலாது. அதே வழிகாட்டுதல், பொது இடத்தில் கயிற்றுடன் அழைத்துச்செல்லவும் கழிவை அகற்றவும் வளர்ப்போரை அறிவுறுத்துகிறது. துறைக் குடியிருப்புகளில் வசிப்போர் குடியிருப்பு ஒதுக்கும் அலுவலகத்தின் விதிகளையும் கேட்டறிதல் நலம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, தம் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மும்பை மாநகராட்சியின் உரிமமும் நாய்க்குத் தேவை.

தடுப்பூசியில் தளர்வு கூடாது. பொதுவாக மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் கூறும் இடைவெளியில் ஆண்டுதோறும் தொடர வேண்டும். எந்த நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இயலாது.

வங்கியாளர் என்ற முறையில் செலவைப் பற்றியும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நாயின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 14 ஆண்டு. ஒரு நீண்டகாலக் கடனுக்கு ஒப்பான பொறுப்பு. உணவு, தடுப்பூசி, மருத்துவம், வெளியூர் செல்லும்போது பராமரிப்பு ஆகியவற்றை வாங்குமுன் கணக்கிட வேண்டும். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் போட்டுவந்தால், எதிர்பாராத அறுவை சிகிச்சையின்போது கை பிசைய வேண்டியிராது. சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் நாய்க்கான காப்பீடும் உண்டு. பிறருக்கு நேரும் சேதம் அதில் அடங்குகிறதா என்று படித்துப் பார்த்துச் சேர வேண்டும்.

பயிற்சிக்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடமும், வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்லும் ஒழுங்கும் போதும். ஒருநாள் ஒரு மணி நேரம் கற்பித்து ஒரு வாரம் மறந்துவிடுவதால் பயன் இல்லை. சிறு தவணை, தவறாத தவணை என்பதே இங்கும் விதி. அவ்வாறு கற்ற நாய்க்குக் கிடைப்பது பெரிது: அதை எங்கும் உடன் அழைத்துச்செல்ல முடிகிறது, அண்டை வீட்டார் அதன் பெயரைச் சொல்லி அழைக்கின்றனர், முதுமை வரை அது தன் வீட்டிலேயே இருக்கிறது.